படத்தோடு வந்த பயம்

பெரியவர்கள் வாசிக்கும் நாவலுக்கு அத்தியாயம்தோறும் படம் வரையும் வழக்கம் ஆங்கிலப் பதிப்புலகில் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. டிக்கன்ஸ் காலத்தில் மாதத் தவணையாக வந்த கதைகளோடு படங்களும் வந்தன. பிறகு படம் மெல்லமெல்லச் சிறுவர் புத்தகங்களுக்குள் ஒதுங்கியது. போவதற்கு முன் அந்த வழக்கம் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒரு சிறு நூலை முன்வைத்தே இந்த அஞ்சலி. 1983இல் வெளியான ‘சைக்கிள் ஆஃப் தி வேர்வுல்ஃப்’. எழுத்து ஸ்டீபன் கிங், ஓவியம் பெர்னி ரைட்சன்.

முதலில் அது நாவலே அல்ல. மாதம் ஒரு படம், கூடவே ஒரு குட்டிக் கதை என்று நாட்காட்டியாக வரவேண்டியது. கிங்கின் எழுத்து அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. பன்னிரண்டு மாதங்களும் பன்னிரண்டு அத்தியாயங்களாயின. மெய்ன் மாநிலத்தில் டார்க்கர்ஸ் மில்ஸ் என்ற கற்பனை ஊர். பௌர்ணமி வந்தால் ஓநாய் மனிதனும் வருவான். காதலர் தினத்தில் முழுநிலவு காய்ந்தால் அதே ஆண்டு ஜூலை 4 அன்று காயாது; கதையில் இரண்டு இரவும் பௌர்ணமிதான். தெரிந்தேதான் மாற்றினேன் என்று கிங்கே குறிப்பு எழுதியிருக்கிறார். மாற்றியது நல்லதாயிற்று. சக்கர நாற்காலியில் இருக்கும் பத்து வயது மார்ட்டி, ஊரின் வாணவேடிக்கை ரத்தான அந்த ஜூலை இரவில் தனியாகப் பட்டாசு வெடிக்கிறான். மிருகத்தின் ஒரு கண் போகிறது. ஊரில் யாருக்கு ஒற்றைக் கண் என்று தேடும் ஆவல் அங்கே தொடங்குகிறது.

இதில் ரைட்சன் செய்த வேலை அலங்காரம் அல்ல. ஒவ்வொரு மாதமும் கறுப்பு வெள்ளை நிலக்காட்சியோடு திறக்கிறது. மிருகத்தைக் காட்டுவது வண்ணப் படத்தின் வேலை. முதலில் மயிரிழை போன்ற பேனாக் கோடுகளில் அந்த மாதத்தின் குளிரிலோ வெயிலிலோ கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் கதைக்குள் போகிறோம். தொடக்க அத்தியாயங்கள் மிகச் சிறியவை. படங்களை எடுத்துவிட்டால் அவை மரணச் செய்திகளாகச் சுருங்கிவிடும் என்றே நினைக்கிறேன்.

அதே 1983இல் ரைட்சனின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படங்களும் நூலாக வந்தன. ஐம்பது படங்களுக்குக் கிட்டத்தட்ட ஏழு ஆண்டு, சொந்த ஆசையில் செய்த உழைப்பு. ஒரு நாவலுக்காக அவ்வளவு காலத்தை விலைகொடுத்து வாங்க எந்தப் பதிப்பகக் கணக்கு இடம்கொடுக்கும்? 1985இல் ஓநாய் மனிதன் ‘சில்வர் புல்லட்’ படமாகத் திரைக்குப் போனான், திரைக்கதையும் கிங்தான். 2017 மார்ச்சில் ரைட்சன் காலமானார்.

படம் போட்ட நாவல்கள் இன்றும் வருகின்றன, பெரும்பாலும் சேகரிப்பாளர்களுக்கான விலையுயர்ந்த பதிப்புகளாக. இந்த நூலும் முதலில் அப்படி வந்ததுதான். ஆனால் 1985இல் ரைட்சனின் படங்களோடு காகித அட்டைப் பதிப்பாகச் சாதாரணக் கடைக்கு வந்தது. கைச்செலவுக் காசில் ஒரு பையன் வாங்கிப் படிக்கக்கூடிய அந்தப் புத்தகத்தைத்தான் இழந்திருக்கிறோம்.