எண்ணெயில் ஓடிய பேருந்துகள்

அறிவியல் உலகில் சில உண்மைகள் ஒருமுறை வெளிப்பட்டு, பின்னர் மறக்கப்பட்டு, தேவை நெருக்கும் காலத்தில் மீண்டும் தேடி எடுக்கப்படுகின்றன. தாவர எண்ணெயைக் கொண்டு இயந்திரத்தை இயக்கலாம் என்னும் உண்மையின் வரலாறு அத்தகையது.

செர்மானியப் பொறியியலறிஞர் ருடால்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இயந்திரத்தை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1900ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த சிறிய டீசல் இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. கனிம எண்ணெய்க்கென அமைந்த அவ்வியந்திரத்தில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. ஆதலின் அதனை உணர்ந்தவர் மிகச் சிலரே. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளைந்த நிலக்கடலையை அங்கேயே எரிபொருளாக்க இயலுமா என அறியப் பிரெஞ்சு அரசு விரும்பியதே அச்சோதனைக்குக் காரணமாகும். தாவர எண்ணெய்களின் பயன் அன்று அற்பமாகத் தோன்றினும், காலப்போக்கில் அவை கல்லெண்ணெய்க்கு நிகரான சிறப்பைப் பெறக்கூடும் என 1912இல் டீசல் கருத்துரைத்தார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். கல்லெண்ணெய் மலிவாகக் கிடைத்தமையால் அவர்தம் கருத்தும் பின்தள்ளப்பட்டது.

மலிவு மட்டுமே தடையாக நிற்கவில்லை. தாவர எண்ணெயில் ஆற்றலுக்குக் குறைவில்லை. குறை அதன் தடிப்பில் உள்ளது. 40 பாகை வெப்பத்தில் அது டீசலைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு பாகுத்தன்மை உடையது. எரிபொருள் நுண்ணிய துளைகளின் வழியே புகைபோலத் தூவப்பட்டால்தான் டீசல் இயந்திரத்தில் முற்றிலும் எரியும். தடித்த எண்ணெயோ பெருந்துளிகளாகச் சிதறி, அரைகுறையாக எரிந்து, கரியாகப் படியும். நாளடைவில் தூவும் துளைகள் அடைபடும். எரியாத எண்ணெய் உயவு எண்ணெயில் கலந்து அதனையும் கூழாக்கும். இத்தடிப்பை வெல்ல இரு வழிகள் உண்டு. எண்ணெயின் இயல்பை மாற்றுவது ஒன்று. எண்ணெயைச் சூடாக்கி இளக்குவது மற்றொன்று.

முதல் வழியை வகுத்தவர் பெல்சியம் நாட்டின் பிரசல்சு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சவான் என்பவர். அவர் செம்பனை எண்ணெயைச் சாராயத்துடன் வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்து, நீர்த்த எரிபொருளாக்கும் முறைக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். 1938ஆம் ஆண்டுக் கோடையில் பிரசல்சுக்கும் லூவேனுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று அவ்வெரிபொருளில் ஓடியது. அவ்வெண்ணெய், அன்று பெல்சியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவின் செல்வம் ஆகும்.

இரண்டாம் வழி, 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஊக்கம் பெற்று, 2000ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது. பழைய பேருந்துகளை வாங்கி, உணவகங்களில் பொரித்துக் கழித்த எண்ணெயில் ஓட்ட முனைந்தோர் இவ்வழியையே நாடினர். இதன் அடிப்படை எளியது. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரில் சேர்ந்து வீணாகிறது. 80 முதல் 90 பாகை வரை சூடேறிய அந்நீரை, ரேடியேட்டரை அடையுமுன் கிளையாகப் பிரித்து, எண்ணெய்த் தொட்டியினுள் அமைந்த சுருள்குழாய் வழியாகவும், வடிகட்டியைச் சுற்றியும், இறுதியில் எரிபொருள் பம்பின் அருகிலுள்ள வெப்பமாற்றி வழியாகவும் செலுத்தி, நீர்ப் பம்புக்கே திருப்புவர். பின்புறம் இயந்திரமும் முன்புறம் தொட்டியும் அமைந்த பேருந்தில் இடைவழி நீண்டதாதலின், எண்ணெய்க் குழாயையும் வெந்நீர்க் குழாயையும் ஒருங்கே சேர்த்து வெப்பம் கசியாவண்ணம் உறையிடுவர்.

இயந்திரம் சூடேறும் வரை நீரும் குளிர்ந்தே இருக்கும். எனவே புறப்படும்போது சிறு தொட்டியிலுள்ள டீசலில் ஓட்டி, எண்ணெய் 70 பாகை அளவை எட்டியபின் அதற்கு மாற்றுவர். நிறுத்துமுன் மீண்டும் டீசலுக்கு மாற்றிக் குழாய்களைக் கழுவ வேண்டும். தவறின், உள்ளே தங்கிய எண்ணெய் ஆறித் தடித்து மறுநாள் இயந்திரம் கிளம்பாது. சூடான எண்ணெய் செம்பைத் தொட்டால் விரைவில் பிசினாகும் என்பதால் செப்புக் குழாய்களையும் தவிர்ப்பர். இத்தனை விழிப்பும் ஓட்டுநரிடம் எதிர்பார்க்கப்படுவதால் இம்முறை தனியார் முயற்சியாகவே நின்றது. பல ஓட்டுநர் மாறி மாறி ஓட்டும் பொதுப் பேருந்துகளுக்கு அது எளிதில் பொருந்துவதன்று.

மலேசியாவின் தேர்வு இதனை விளக்கும். 1917ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தெனாமாரம் தோட்டத்தில் வணிக நோக்குடன் நடப்பட்ட செம்பனை, தமிழ்ப் பாட்டாளிகளின் வியர்வையும் கலந்து நாட்டின் பெருஞ்செல்வமாக வளர்ந்தது. அச்செல்வத்தின் புதுப் பயன்களை ஆராய 1979இல் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. செம்பனை எண்ணெய் ஏறத்தாழ 35 பாகைக்குக் கீழ் உறையத் தொடங்கும்; அதனை அப்படியே பயன்படுத்தினால் வெப்பமூட்டுவது இன்றியமையாதது. கழகமோ எண்ணெயின் இயல்பை மாற்றும் வழியையே தேர்ந்தது. 1980களின் பிற்பாதியில் மெர்சிடிஸ் பென்ஸ் இயந்திரம் பொருத்திய 30 பேருந்துகள் டீசல், சரிபாதிக் கலவை, முழுச் செம்பனை டீசல் என மூவகை எரிபொருளில் ஓட்டிச் சோதிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் ஓடியது. அவ்வாய்வின் வழிவந்த கலப்பு டீசல் 2011 முதல் படிப்படியாக விற்பனைக்கு வந்தது.

பாரிசிலும் பிரசல்சிலும் குடியேற்ற நாட்டு விளைபொருளை ஆள்வோரின் நலனே ஆராயத் தூண்டியது. மலேசியாவிலோ விடுதலை பெற்ற நாடு தன் மண்ணில் விளைந்ததைத் தன் அறிவால் ஆராய்ந்தது. ஒரே எண்ணெயின் வரலாற்றில் நேர்ந்த இம்மாற்றமே மாணவர் மனத்திற் கொள்ளத்தக்கது. செம்பனை விளைந்த மண்ணில் பிறந்தோர் அதனைச் சுமந்து அனுப்புவதோடு நில்லாமல், அதன் இயல்பை அறிந்து ஆளவும் வல்லவராதல் வேண்டும்.