புகைபோக்கியில் படிந்த கரி

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் குளிர்காய வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்தார்கள். புகைபோக்கியின் குறுகலுக்குள் வளர்ந்த ஆள் நுழைய முடியாது. அதனால் ஏழைச் சிறுவர்களை உள்ளே ஏற்றிக் கரியைச் சுரண்டவிட்டார்கள். குளிக்க வசதியில்லாத அந்தப் பிள்ளைகளின் விதைப்பைத் தோல் மடிப்புகளில் கரி தங்கிவிடும். அவர்கள் ஆளான பிறகு அதே இடத்தில் புண் கிளம்பும். பால்வினை நோய் என்று சொல்லிப் பாதரச மருந்து கொடுத்தார்கள். செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட்தான், இது புற்று, இதற்குக் காரணம் கரி என்று 1775இல் எழுதினார். சிறுவர்களை ஏற்றுவது நடைமுறையில் நின்றது 1875ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். காரணம் தெரிந்தும் நூறு வருடம் பிள்ளைகளை ஏற்றினார்கள் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கரி புற்று தரும் என்பதை ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்க முயன்ற பலர் பாதியில் கைவிட்டார்கள். டோக்கியோவில் யமகிவா, இச்சிகாவா என்ற இரு ஆய்வாளர்கள் விடவில்லை. கரியைப் போலவே நிலக்கரியிலிருந்து வரும் தாரை முயல்களின் காதில் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பூசினார்கள். முதலில் மருக்கள் முளைத்தன, பிறகு புற்று வந்தது. 1915இல் முடிவை வெளியிட்டார்கள்.

தாரில் இருப்பவை எத்தனையோ பொருள்கள். அவற்றில் குற்றவாளி எது? லண்டனில் ஆய்வாளர் கென்னவேயின் குழு புற ஊதா ஒளியில் அது காட்டும் ஒளிர்வை வைத்துத் தேடியது. இரண்டு டன் தார்க்கட்டியைப் பிரித்துச் சில கிராம் பென்சோபைரீனை எடுத்து, 1933இல் அறிவித்தது. அதே பொருள் சிகரெட் புகையிலும் உண்டு, விறகுப் புகையிலும் உண்டு.

கொடுமை என்னவென்றால், பென்சோபைரீன் தானாக டிஎன்ஏவில் ஒட்டுவதில்லை. அதைக் கரைத்து வெளியேற்ற நம் உடம்பின் நொதிகள் முயலும்போதுதான் ஒட்டக்கூடிய வடிவம் பிறக்கிறது. நுரையீரல் புற்றில், புற்றைத் தடுக்கும் பி53 மரபணு அதிகம் பழுதாகும் இடங்களிலேயே அது போய் ஒட்டுகிறது என்று 1996இல் ஓர் ஆய்வு காட்டியது.

புகைக்கரி, நிலக்கரித் தார், பென்சோபைரீன் மூன்றையும் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, புற்றுநோய்க்காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்று தரும் என்பதற்குச் சான்று உறுதி என்பதே அந்தப் பிரிவின் பொருள். எவ்வளவு பட்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அது சொல்லாது. ஒருவர் எத்தனை வருடம், எவ்வளவு நெருக்கத்தில் அதில் புழங்குகிறார் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஜன்னல் இல்லாத அடுப்படியில் விறகு ஊதும் பெண்களிடம் இதை யாராவது கேட்டால் நல்லது.