ஸ்பெயினில் செட்டில் ஆகும் பிரிட்டன் பென்ஷன்தாரர்கள்: ஆயுள் கூடுமா? ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவாங்க?

லண்டனில் டிசம்பர் மாசம் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அதே டிசம்பரில் ஸ்பெயினின் அலிகாந்தே கடற்கரையில் மதிய வெயிலில் உட்கார்ந்து நிதானமாக காபி குடிக்கலாம். ரிட்டயர் ஆன பிரிட்டன்காரர்கள் பல பத்தாண்டுகளாக வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயினுக்குக் கிளம்புவதற்கு இந்த ஒரு காரணமே போதும். கூடவே இன்னொரு நம்பிக்கையும் உண்டு: "அங்க போனா கொஞ்சம் கூடுதலா வாழலாம்."

அந்த நம்பிக்கை எவ்வளவு சரி? உடம்பு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்?

ஸ்பெயினில் ஆயுள் அதிகமா?

ஆமாம். ஸ்பெயினில் சராசரி ஆயுட்காலம் சுமார் 84 வயது. பிரிட்டனில் சுமார் 81. மூன்று வருஷ வித்தியாசம். ஆனால், இது இன்று பிறக்கும் குழந்தைக்கான கணக்கு. 65 வயசைத் தாண்டியவர் பார்க்க வேண்டியது வேறு கணக்கு: இன்னும் எத்தனை வருஷம் பாக்கி? அதில் இரண்டு நாடுகளுக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது.

அதுவும் அப்படியே கிடைக்காது. ஸ்பெயின்காரரின் ஆயுளில் அவர் சின்ன வயசிலிருந்து சாப்பிட்ட சாப்பாடு, நடந்த நடை, பக்கத்திலேயே இருக்கும் சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. 66 வயசில் விமானம் ஏறி வருபவர் தன் பழைய ரத்த அழுத்தத்தையும், சிகரெட் பிடித்த நுரையீரலையும் கூடவே கொண்டு வருகிறார். வெயில் அதைக் கழுவிவிடாது.

அப்புறம் ஏன் வெளிநாட்டில் குடியேறியவர்கள் நீண்ட நாள் வாழ்வது போலத் தெரிகிறது?

இதற்கு இரண்டு காரணங்களை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒன்று, நோயாளி நாடு மாறிக் கிளம்புவதில்லை. உடம்பில் தெம்பும் கையில் காசும் இருப்பவர்தான் கிளம்புவார். ஆகவே ஆரம்பத்திலேயே அவர் சராசரியைவிட ஆரோக்கியமானவர்.

இரண்டாவது, 'சால்மன் விளைவு'. சால்மன் மீன் கடைசியில் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். அதுபோல, முடியாத காலத்தில் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். சாவு பிரிட்டன் கணக்கில் ஏறும். போகும்போது பெயரை நீக்கச் சொல்லாவிட்டால், ஸ்பெயின் நகராட்சிப் பதிவேட்டில் அவர் கொஞ்ச காலம் உயிரோடுதான் இருப்பார்! குடியேறியவர்களின் ஆயுள் கணக்கைச் சற்று சந்தேகத்தோடு பார்க்க வேண்டியது இதனால்தான்.

சரி, சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். 'நாற்பது வருஷம் வரி கட்டியிருக்கேன், என்ஹெச்எஸ் என்னை எங்க இருந்தாலும் பார்த்துக்கும்' என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் உரிமை, கட்டிய வரியை வைத்து வருவதில்லை. அந்த நாட்டில் வசிப்பதை வைத்து வருகிறது. நிரந்தரமாக வெளியேறினால் அந்த உரிமையும் போகும்.

ஸ்பெயின் போகிறவரைக் காப்பாற்றுவது ஒரு காகிதம். பெயர் எஸ்1 படிவம். பிரிட்டன் அரசின் ஸ்டேட் பென்ஷன் வாங்குபவர் இதைக் கேட்டு வாங்கி, ஸ்பெயினின் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டால், அந்நாட்டுப் பென்ஷன்தாரர் போலவே அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறலாம். செலவை பிரிட்டன் ஏற்கும். மருந்துக்குப் பெரும்பாலானவர்கள் 10 சதவீதம் கட்டினால் போதும், அதற்கும் மாத உச்சவரம்பு உண்டு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் இந்த ஏற்பாடு ஒப்பந்தத்தின் மூலம் தொடர்கிறது. எஸ்1 வைத்திருப்பவர் இங்கிலாந்துக்கு வந்து போகும்போது என்ஹெச்எஸ் சிகிச்சையும் பெறலாம்.

சுற்றுலாப் பயணிகள் வைத்திருக்கும் ஜிஹெச்ஐசி அட்டை இதற்கு மாற்று கிடையாது. அது தற்காலிகமாக வந்து போகிறவர்களுக்கு. குடியேறியவர் அதை நீட்டினால் செல்லாது.

60 வயசிலேயே கிளம்பினால்?

இங்கதான் சிக்கல். ஸ்டேட் பென்ஷன் வயது 66. 2026 முதல் 2028-க்குள் அது படிப்படியாக 67 ஆகிறது. கம்பெனி பென்ஷன் எவ்வளவு வந்தாலும் அதுவரை வயதின் பேரில் எஸ்1 கிடையாது.

பிரெக்ஸிட்டுக்கு முன் இப்படிப்பட்டவர்கள் ஐரோப்பிய யூனியன் குடிமக்களாகக் குடியேறினார்கள். இப்போது விசா வேண்டும். வேலை பார்க்காமல் வசிப்பதற்கான விசாவுக்கு முழுப் பாதுகாப்பு தரும் தனியார் காப்பீட்டைக் காட்டணும். சர்க்கரை, இதய நோய் ஏற்கெனவே இருந்தால் பாலிசி கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை எகிறும்.

ஒரு வருஷம் வசித்த பிறகு ஒரு வழி திறக்கிறது. 65 வயசுக்குக் கீழ் இருந்தால் மாதம் 60 யூரோ, அதற்கு மேல் 157 யூரோ கட்டி அரசு மருத்துவத்தில் சேரலாம். ஏற்கெனவே உள்ள நோய்களையும் பார்ப்பார்கள். ஆனால் மருந்துச் செலவு முழுக்க உங்களுடையது.

ஆஸ்பத்திரி கிடைச்சாச்சு. அப்புறம் என்ன பிரச்சினை?

ஸ்பெயின் டாக்டர்களின் தரத்தில் குறை இல்லை. கஷ்டம் தொடங்குவது டிஸ்சார்ஜ் ஆன பிறகு. அங்கேயும் நம்ம ஊர் போலத்தான், படுக்கைக்குப் பக்கத்தில் மகளோ மருமகளோ இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு உண்டு. சாப்பாடு ஊட்ட, கழிவறைக்குக் கூட்டிப்போக சொந்தக்காரர் வருவார் என்று நினைப்பார்கள். பிரிட்டன் தம்பதிக்கோ பிள்ளைகள் இருப்பது 1,500 கிலோமீட்டருக்கு அப்பால்.

பக்கவாதமோ மறதி நோயோ வந்தால் வீட்டில் ஆள் வைத்துப் பார்க்கும் செலவை எஸ்1 தராது. ஸ்பெயின் அரசின் பராமரிப்பு உதவிக்கு விண்ணப்பிக்க அங்கே 5 வருஷம் வசித்திருக்க வேண்டும், அதில் கடைசி 2 வருஷம் தொடர்ச்சியாக. போதாததற்கு மொழி. மறதி நோய் வந்தவர் பிற்காலத்தில் கற்ற மொழியை முதலில் இழப்பது உண்டு. கடைக்காரரிடம் பேசிய ஸ்பானிஷ், எங்கே வலிக்கிறது என்று நர்ஸிடம் சொல்ல உதவாமல் போகும்.

பலர் ஊர் திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். நிரந்தரமாகத் திரும்பினால் என்ஹெச்எஸ் முதல் நாளிலிருந்தே பார்க்கும். ஆனால் விற்ற வீட்டை அதே விலைக்குத் திரும்ப வாங்க முடியாதே!

பிரிட்டனில் வேலை பார்த்து சென்னைக்குத் திரும்பியவர்களுக்கு?

நிலைமை இன்னும் கடினம். எஸ்1 போன்ற ஏற்பாடு இந்தியாவுடன் கிடையாது. சிகிச்சைச் செலவு சொந்தப் பணம் அல்லது தனியார் காப்பீடு. லண்டனில் மகளைப் பார்க்கப் போன இடத்தில் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தாலும் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் வரை பில் வரலாம். எமர்ஜென்சி பிரிவில் பார்ப்பது மட்டும் இலவசம்.

பென்ஷனும் உறைந்துவிடும். ஸ்பெயினில் இருப்பவருக்கு வருடந்தோறும் தொகை உயர்கிறது. இந்தியா, ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் இருப்பவருக்கு உயராது. 2016-ல் முழுப் புதிய ஸ்டேட் பென்ஷன் வாரத்துக்கு 155.65 பவுண்டு. அந்த வருஷம் சென்னையில் இருந்தபடி அதை வாங்கத் தொடங்கியவருக்கு இன்றும் அதே தொகைதான். 2025-26-ல் ஸ்பெயினில் இருப்பவர் வாங்குவது 230.25 பவுண்டு. இதை எதிர்த்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போய், 2010-ல் தோற்றது. பிரிட்டனுக்குத் திரும்பிக் குடியேறினால் தொகை நடப்பு விகிதத்துக்கு ஏறும்.