பாசறைக்குச் செல்லும் பொட்டலம்

தலைநகரில் வாழும் தமிழர் கறிவேப்பிலைக்கும், முருங்கைக்காய்க்கும், சின்ன வெங்காயத்துக்கும், அப்பளத்துக்கும் நாடிச் செல்லும் இடங்களுள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டும் ஒன்று. அந்த மூன்றெழுத்து, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமை தாங்கிய இந்திய தேசிய ராணுவத்தைக் குறிப்பதாகும். படையின் பெயர் தாங்கிய அந்த அங்காடியில், எல்லைப்புறத்தில் பணிபுரியும் கணவனுக்கென்று பயறும் வெல்லமும் வாங்கும் பெண்மணிகளையும் காணலாம். அவர்கள் கட்டி அனுப்பும் பொட்டலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைச் சிறிது காண்போம்.

போர்மேற் சென்ற தலைவனையும், இல்லிருந்து ஆற்றியிருக்கும் தலைவியையும் நம் பழம்புலவர் மறக்கவில்லை. நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. அதில் அரசி அரண்மனையில் வருந்தியிருக்கிறாள். அரசன் பாசறையில் உறக்கமின்றி இருக்கிறான். ஆயினும், இவ்விருவருக்கும் இடையே ஒரு பிடி அவலேனும் போய்வந்ததாகச் செய்தியில்லை. முதுபெண்டிர் கேட்டு வந்த நற்சொல் ஒன்றே அவளுக்குத் துணை. வீட்டின் கைப்பொருள் பாசறை சேர்வதற்கு ஒழுங்கான வழி, தபால் இலாகா தோன்றிய பின்னரே ஏற்பட்டது.

1856-ஆம் ஆண்டில் பாரசீகத்துக்குச் சென்ற இந்தியப் படையுடன் ஒரு தபால் நிலையமும் கப்பலேறிற்று. போர்க்களத் தபால் நிலையம் என்பதன் தொடக்கம் அதுவே. அதன் பின்னர், படை சென்ற இடமெல்லாம் தபாலும் உடன் சென்றது. முதல் உலக யுத்தத்தில் சென்னைச் சாப்பர்கள் மெசப்பொட்டேமியாவின் பாலைவெளியில் பாலங்கள் அமைத்தபோதும், பிரான்சு நாட்டின் சேற்றுப் பதுங்குகுழிகளில் இந்தியச் சிப்பாய்கள் குளிரில் நடுங்கியபோதும், ஊரிலிருந்து கடிதங்கள் அவர்களைத் தேடி வந்தன.

அந்த யுத்தத்தில் அரசாங்கத்தாரும் செல்வரும் தாமே பரிசு அனுப்ப முற்பட்டனர். 1914-இல் இங்கிலாந்தின் இளவரசி மேரி நிதி திரட்டி, கிறிஸ்துமஸ் பரிசாகச் சிறு பெட்டிகளை வழங்கச் செய்தார். அப்போது அவருக்கு வயது 17. புகையிலையை ஏற்காத சீக்கியருக்குக் கற்கண்டும் மசாலாப் பொருள்களும், பிற இந்தியருக்கு அவற்றோடு சிகரெட்டும் என வகுத்தனர். அதே ஆண்டில் லண்டனில் தோன்றிய இந்தியச் சிப்பாய்கள் நிதியும் உடையும் உணவுப் பொருளும் அனுப்பிற்று. இவையெல்லாம் நல்லெண்ணத்தால் செய்தவையே. எனினும் இவை இன்ன வகுப்பார்க்கு இன்ன பொருள் என்று அட்டவணையிட்டு அனுப்பியவை. தன் கணவனுக்குப் புளிப்பு ஆகுமா, காரம் ஆகுமா என்பதை வீட்டிலிருப்பவள் அறிவாள், அட்டவணை அறியாது.

அவள் அறியாதது வேறொன்று. அவன் எங்கே இருக்கிறான் என்பதே அது. அரசுக்கு இடம் தெரியும், ஆளைத் தெரியாது. வீட்டுக்கு ஆளைத் தெரியும், இடம் தெரியாது. இவ்விரண்டு அறிவையும் ஒன்று சேர்ப்பதே படைத் தபாலின் பணி.

அந்தப் பணி அற்றுப்போனால் என்ன நேரும் என்பதை 1942 காட்டிற்று. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் 40,000-க்கு மேற்பட்டவர். அவர்களுள் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். மலேயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழரும் திரளாகச் சேர்ந்தனர். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் 1943-இல் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். ஆனால் எதிரி வசமிருந்த அந்நிலத்துக்கு, இந்தியாவிலிருந்து பொட்டலம் செல்லும் பாதை அடைபட்டுவிட்டது. கணவன் இருக்கிறானா, இல்லையா என்று அறியாமலே பல குடும்பங்கள் இங்கே ஆண்டுகளைக் கழித்தன. சுதந்திர இந்திய அரசுக்கென்று ஜெர்மனியில் தபால் தலைகளும் அச்சாயின. அவை புழக்கத்துக்கு வரவேயில்லை. வீட்டிலிருந்து படைக்குச் செல்லும் பரிசு வேறு வடிவம் கொண்டது. மலேயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த நம் பெண்கள் தம் கழுத்து நகைகளைக் கழற்றி நேதாஜியின் நிதிக்கு அளித்தனர்.

சுதந்திரத்துக்குப் பின்னர், 1962-இல் சீனப் படை எல்லை கடந்தபோது, மலைமுகடுகளில் நின்ற நம் ஜவான்களுக்குப் போதிய குளிராடை இல்லை என்ற செய்தி நாட்டை உலுக்கிற்று. தலைநகரிலும் பிற நகரங்களிலும் பெண்கள் கம்பளி நூலும் ஊசியுமாக அமர்ந்து ஸ்வெட்டர் பின்னினர். முகமறியாத ஒருவனுக்காகப் பின்னிய அந்த ஸ்வெட்டரும் பரிசுப் பொட்டலமே.

1972 மார்ச்சு 1-ஆம் நாள் ராணுவத் தபால் சேவை தனிப் படைப்பிரிவாயிற்று. நம் ஊர்த் தபால் இலாகாவின் ஊழியர் பலரே சீருடை அணிந்து அதில் பணியாற்றுகின்றனர். அவ்வாண்டு ஆகஸ்டு 15-இல் பின்கோடு முறை வந்தது. முதல் இலக்கம் ஒன்று முதல் எட்டு வரை நாட்டின் நிலப்பகுதிகளுக்கு உரியன. ஒன்பது ராணுவத் தபாலுக்கு. அது எந்த ஊரையும் காட்டாது. ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்று எழுதப்படும் விலாசங்களும் அத்தகையனவே. பெயரும், எண்ணும், படைப்பிரிவும் எழுதினால் போதும். படை இடம் மாறினும் விலாசம் மாறாது. எங்கே என்று கேளாமலே அனுப்பும் மனத்திண்மையை அது மனைவியிடம் வேண்டி நிற்கிறது.

அவள் தேர்ந்து கட்டும் பொருளிலும் ஓர் அறிவு உண்டு. பல நாள் பயணத்தைத் தாங்க வேண்டும். எண்ணெய் கசிந்தால் பிறர் கடிதமும் கெடும். ஆகவே பொருள்விளங்கா உருண்டை சிறந்தது. வறுத்த பயற்றுமாவும் வெல்லப்பாகும் சேர்ந்து இறுகிய அதனைக் கடிக்கப் பல் வேண்டும். ஆனால் கெட நாளாகும். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, நீர் படாத புளிக்காய்ச்சல், தட்டை என்பன அடுத்தவை. டப்பாவில் இட்டு, இடைவெளியைத் துணியால் அடைத்து, மேலே கெட்டித் துணி வைத்துத் தைத்துவிடுவது நன்று. அடைக்கும் துணி குழந்தையின் சிறிதாகிப்போன சட்டையாக இருப்பின், அதைப் பிரிப்பவனுக்கு அதுவே செய்தியாகும்.

இன்று கைப்பேசி உண்டு. முகம் பார்த்தும் பேசலாம். ஆயினும் சமிக்ஞை எட்டாத சிகரங்கள் இன்னும் உள. எட்டுமிடத்திலும் குரலை உண்ண இயலாது. 1992 முதல் மருத்துவம் அல்லாத பிரிவுகளிலும் பெண்கள் ராணுவ அதிகாரிகளாகச் சேர்ந்து வருகின்றனர். ஆகவே, மனைவிக்கென்று பொடி இடித்து அனுப்பும் கணவரும் இப்போது உண்டு.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு, ஊர்ச் சுவை தொலைவில் என்ன பொருள்படும் என்பதை எவரும் சொல்லத் தேவையில்லை. நம் தெருவிலேயே இத்தகைய குடும்பம் ஒன்று இருக்கக்கூடும். அடுத்த முறை அங்காடிக்குப் புறப்படுகையில், ‘பொட்டலத்துக்கு ஏதேனும் வேண்டுமா?’ என்று அவ்வீட்டு வாயிலில் நின்று கேட்டுச் செல்வோமாக.