பெயர் கேளாமல் கதவைத் திறந்த கணினி



1992-ஆம் ஆண்டில் மிமோஸ் நிறுவனம் தொடங்கிய ஜாரிங் வழியாக இணையம் நம் நாட்டில் பரவிற்று. 1990-களின் பிற்பகுதியில் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் சைபர் கஃபேக்கள் பெருகின. நம் இளைஞர் பலர் அங்கே அமர்ந்து, எம்.ஐ.ஆர்.சி. என்ற மென்பொருளின் துணையோடு, முகமறியாதவர்களுடன் எழுத்தில் உரையாடினர். உரையாடத் தொடங்குமுன் மூன்று விவரங்களை நிரப்பவேண்டும். சர்வரின் பெயர், 6667 போன்ற ஓர் எண், தமக்கென ஒரு புனைபெயர்.

சர்வர் என்பது எல்லோருடைய பேச்சையும் வாங்கி உரியவருக்கு அனுப்பும் நடுக் கணினி. அதற்குப் பல வாசல்கள் உண்டு. 6667 என்பது உரையாடலுக்குரிய வாசலின் எண்.

ஐ.ஆர்.சி. எனப்படும் இம்முறையை 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினன் உருவாக்கினார். விரைவில் பல நாட்டுச் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அமைப்புக் கோப்பு இருந்தது. அதில் 'எம்' என்று தொடங்கும் வரி சர்வரின் பெயரையும் ஊரையும் சொல்லும். 'ஏ' வரி பொறுப்பாளர் யாரென்று சொல்லும். 'சி', 'என்' வரிகளில், எந்தச் சர்வரோடு எந்தக் கடவுச்சொல்லால் இணையலாம் என்பது இருக்கும். இவ்விவரம் இரு பக்கத்துக் கோப்புகளிலும் இருக்கவேண்டும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒப்பினால்தானே சம்பந்தம்!

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த 'எரிஸ்' என்ற சர்வர் இந்த ஒப்புதலைக் கேட்கவில்லை. கடவுச்சொல் இன்றி எவரும் தம் சர்வரை அதனோடு இணைக்கலாம் என்று அதன் கோப்பு அமைந்திருந்தது. குறும்பர்கள் புகுந்தனர். பிறர் வைத்திருந்த புனைபெயர்களையே தாமும் வைத்துக்கொண்டனர். ஒரே பெயரில் இருவர் வந்தால் இருவரையும் வெட்டிவிடுவது அன்றைய முறை. காலைப் பிரட்டில் ஒரு பெயருக்கு இருவர் குரல் கொடுக்க, கிராணியார் இருவர் பேரையும் அடித்துவிட்டால் எப்படி இருக்கும்? உழைக்க வந்தவனுக்கும் அன்று பேர் விழாது.

1990 ஆகஸ்டில் மற்றச் சர்வர்கள் எரிஸை ஒதுக்கிவைத்தன. 'எரிஸ் இல்லாத வலை' என்ற பொருளில் அவை 'ஈ.எஃப்.நெட்' என்று பெயர் பெற்றன. திறந்த கதவே நல்லது என்று எரிஸோடு நின்றவர்களும் இருந்தனர்; அவர்களது வலை நெடுநாள் நிலைக்கவில்லை. அவர்களது எண்ணத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் வெட்டுப்பட்டவர்கள், கதவைத் திறந்துவிட்டவர்கள் அல்லர்.

1994-இல் தொடங்கிய 'டால்நெட்' வேறொரு வழி கண்டது. அங்கே புனைபெயரைக் கடவுச்சொல்லோடு பதிந்துவைக்கலாம். பின்னர் வேறொருவர் அப்பெயரில் நுழைந்தால், கடவுச்சொல்லைச் சொல்லும்படி வலையே அவரைக் கேட்கும்.