முற்கால யூனிக்ஸும் சி கம்பைலரின் மறுகட்டமைப்பும்

சி மொழியில் எழுதப்பட்ட ஒரு கம்பைலரை ஓடவைக்க, சி மொழி அறிந்த மற்றொரு கம்பைலர் முன்னதாகவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பெல் ஆய்வகத்தில் இந்தச் சிக்கல் படிப்படியாகவே தீர்ந்தது. கென் தாம்சன் பி மொழியின் கம்பைலரை முதலில் டிஎம்ஜி என்னும் கருவியைக் கொண்டு எழுதி, பின்னர் பி மொழியிலேயே மாற்றி எழுதினார். புதிய வசதி ஒன்று சேரும்போது கம்பைலர் பருத்து நினைவகத்தில் அடங்க மறுக்கும். அதே வசதியைப் பயன்படுத்தித் திருத்தி எழுதினால் மீண்டும் இளைக்கும். பி மொழிக்குத் தரவினங்களைச் சேர்த்து அதைச் சி மொழியாக மாற்றும் முயற்சியில், இயந்திரக் கட்டளைகளை நேரடியாக உருவாக்கும் கம்பைலரை 1971 முதல் டென்னிஸ் ரிச்சி வளர்த்தபோதும் இதே வழிதான் கைகொடுத்தது.

அன்றைய பிடிபி-11/20 கணினியில் யூனிக்ஸ் முதலில் ஓடியபோது இருந்த நினைவகம் 24 கிலோபைட்டு மட்டுமே. அதில் 16 இயங்குதளத்துக்குப் போக, பயனரின் நிரலுக்கு எஞ்சியது 8.

1972-73 காலத்தின் இரு கம்பைலர்கள் டெக்டேப் நாடாக்களில் தப்பிப் பிழைத்தன. பழைய நாடா இயக்கி ஒன்றைத் தேடிப் பிடித்து வாக்ஸ் கணினியுடன் இணைத்த பால் விக்ஸியும் கீத் பாஸ்டிக்கும் அவற்றைப் படிக்க உதவினர். முந்தையதான ‘லாஸ்ட்1120சி’, 11/20 கணினி கைவிடப்பட்ட தருணத்தின் நகல். கட்டுருவைக் குறிக்கும் ‘ஸ்ட்ரக்ட்’ என்ற சொல்லே அதில் இல்லை. அடுத்ததான ‘ப்ரீஸ்ட்ரக்ட்-சி’ கட்டுருக்களைப் புரிந்துகொள்ளும், ஆனால் தன் சொந்த நிரலில் அவற்றைப் பயன்படுத்தாது. படி ஏறுவதற்குத் தூக்கிய கால் அப்படியே பதிவாகியிருக்கிறது எனலாம்.

இட நெருக்கடியின் தடயம் நிரலிலேயே தெரிகிறது. ‘வேஸ்ட்’ என்றொரு செயற்கூறு தன்னையே அடுக்கடுக்காக அழைப்பதாக எழுதப்பட்டுள்ளது. இடத்தை அடைப்பதைத் தவிர அதற்கு வேறு பணியில்லை. நிரலின் தொடக்கப் பகுதி ஒருமுறை ஓடி முடிந்ததும், அது இருந்த இடத்தின் மீதே தற்காலிகத் தரவு எழுதப்படும். அந்த இடத்தை முந்தைய கம்பைலர் ஒரு செயற்கூற்றின் பெயரால் கண்டறிகிறது. பிந்தையது முகவரி 0 என்றே கொள்கிறது. இடைப்பட்ட காலத்தில், நிரலை முகவரி 0இலிருந்தே தொடங்கவிடும் நினைவக வரைபட வசதியுள்ள பிடிபி-11 வந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

யூனிக்ஸ் முதல் பதிப்பின் கெர்னல், 1972 ஜூன் மாதத்து அச்சுப் பிரதியிலிருந்து 2008இல் வாரன் டூமியின் குழுவினரால் சிம்ஹெச் போலியாக்கியில் மீண்டும் இயக்கப்பட்டது. அது அசெம்ப்ளி மொழியில் இருந்ததால் ஓர் அசெம்ப்ளர் போதுமானது. கம்பைலரின் நிலை அவ்வளவு எளிதல்ல. இன்றைய ஜிசிசி கம்பைலர், பழைய ‘=+’ குறியீட்டை வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும். 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பின் கம்பைலர் அந்தக் குறியீட்டை ஏற்றாலும், சுட்டுகளை வெற்றுச் சதுர அடைப்புக்குறியால் அறிவிக்கும் பழைய வழக்கம் அதற்கு இடையூறாகும்.

எனவே ஆறாம் பதிப்பின் கம்பைலர் ஏற்கும் அளவுக்கு மட்டும் பழைய நிரலைத் திருத்தி, ஒரு தற்காலிகக் கம்பைலரை உருவாக்க வேண்டும். திருத்தப்படாத மூல நிரலை அதனிடம் கொடுத்து உண்மையான கம்பைலரைப் பெற வேண்டும். அவ்வாறு பெற்றது அதே மூல நிரலிலிருந்து பைட்டு பிசகாமல் தன்னையே மீண்டும் உருவாக்கினால், மறுகட்டமைப்பு நிறைவுற்றதாகக் கொள்ளலாம்.