கலோரிமீட்டரும் சீமைக்கருவேலங்கரியும்

வேதிவினையில் வெளிப்படும் அல்லது உள்வாங்கப்படும் வெப்பத்தை அளக்கும் கருவி கலோரிமீட்டர். முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடுபவர்கள் இதைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அவர்கள் விற்கும் கரியில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று சொல்வது இந்தக் கருவிதான்.

இதன் தொடக்கமே கரியோடு பின்னியது. 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் அறிவியலாளர்கள் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் கரியை எரித்து, உருகிய நீரை நிறுத்து வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். அதே கலத்தில் கினிப் பன்றி ஒன்றையும் வைத்து, மூச்சுவிடுதலும் ஒருவகை மெல்லிய எரிதலே என்று கண்டார்கள். 1840இல் வேதியியலாளர் ஹெஸ் தம் விதியை வகுத்தார்: தொடங்கும் பொருளும் முடியும் பொருளும் மாறாவிட்டால், வினை எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றே.

எரிபொருள்களுக்கு இன்று பயன்படுவது, வேதியியலாளர் பெர்த்தலோ 1881இல் உருவாக்கிய குண்டு கலோரிமீட்டரின் வழிவந்தது. தடித்த எஃகுக் கலத்தில் சுமார் ஒரு கிராம் மாதிரியை வைத்து, ஏறத்தாழ 30 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் நிரப்பி, நீரில் அமிழ்த்தி, மின்கம்பியால் பற்றவைப்பார்கள். நீரின் சூடு பெரும்பாலும் மூன்று டிகிரி அளவே ஏறும் என்பதால் வெப்பமானி மிக நுண்ணியதாக இருக்க வேண்டும். கிராமுக்கு 26.43 கிலோஜூல் தரும் பென்சாயிக் அமிலத்தை எரித்துக் கருவியை முதலில் சரிபார்த்துக்கொள்வார்கள்.

மூட்டத்தின் கணக்குக்கு வருவோம். உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4,500 கிலோகலோரி, நல்ல கரி சுமார் 7,000. நான்கு கிலோ விறகிலிருந்து ஒரு கிலோ கரி கிடைத்தால், 18,000இல் 7,000தான் கரியாகக் கைக்கு வருகிறது. மீதி 11,000 எங்கே? ஹெஸ் விதிப்படி அது அழிந்திருக்க முடியாது. மூட்டத்தின் சொந்தச் சூட்டிலும், தார் ஆவியிலும், எரியக்கூடிய வாயுக்களிலும் வெளியேறிவிட்டது. மூட்டம் காப்பவரின் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் அந்தப் புகையில் எரியாத எரிபொருள் ஏராளம். அதை மீண்டும் உலைக்குள் செலுத்தி எரிக்கும் கரியுலைகள் உள்ளன. இந்தத் தொழிலாளர்களுக்கு அவை கிடைக்க வேண்டும்.

இதே வெப்ப அளவைக் கொண்டுதான், கோக் வகை தவிர்த்த இந்திய நிலக்கரியும் 2012 ஜனவரி முதல் மொத்தக் கலோரி மதிப்பின்படி 17 தரங்களாகப் பிரிக்கப்பட்டு விலையிடப்படுகிறது. கிலோவுக்கு 7,000 கிலோகலோரியைத் தாண்டியது முதல் தரம். நன்றாக வெந்த சீமைக்கருவேலங்கரி, வெப்பத்தில் அதற்கு அருகில் நிற்கிறது.